மூணடியா, மூணரை அடியா: கடைக்குப் போன் செய்வதும் மெயில் எழுதுவதும்

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு போன், முதலாளி சட்டைப்பையில் ஒரு போன், என் மேசையில் ஒரு கம்ப்யூட்டர். வெளியூர் ஆர்டர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் வரும். போன வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரர் போனில் ஜோடி விளக்கு கேட்டார். இந்தப் பக்கம் பட்டறையில் அரம் போடும் சத்தம், அந்தப் பக்கம் பஸ் ஹாரன். முதலாளி துண்டுச்சீட்டில் ‘3 அடி, ஜோடி, அன்னம்’ என்று குறித்துக்கொண்டார். வார்த்து, கடைந்து, மெருகேற்றி, பெட்டி கட்டி அனுப்பினோம். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அவர் கூப்பிட்டார்: “ஐயா, நான் மூணரை அடின்னுல்ல சொன்னேன்?”

மூணடி, மூணரை அடி. பேச்சில் நடுவே ஒரு சின்ன ஒலிதான் வித்தியாசம். இரைச்சலில் அது விழுங்கப்பட்டுவிடும். விளக்கில் அதுவே ஆறு அங்குலம். குத்துவிளக்கு பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாகச் செய்து மரை போட்டு முறுக்கிச் சேர்ப்பது. தண்டை மட்டும் நீளமாக மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் மூன்றடி விளக்கின் பாதத்தில் மூன்றரை அடித் தண்டு நின்றால் பார்க்கவே ஒப்பாது. வேறு ஜோடிதான் வார்க்க வேண்டியிருந்தது. அவரும் பொய் சொல்லவில்லை, முதலாளியும் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னதைக் காட்ட இருவரிடமும் ஒன்றும் இல்லை.

கடைக்கோ கம்பெனிக்கோ ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றால் போன் நல்லதா, மெயில் நல்லதா என்று பேசும்போது எல்லோரும் வேகத்தையும் வசதியையும்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பேசி முடித்த பிறகு அந்தப் பேச்சு யார் கையில் தங்குகிறது? போனில் அது ஆளுக்கு ஆள் ஞாபகத்தில் வேறுவேறாகத் தங்கும். பெரிய கம்பெனி என்றால் ‘உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று சொல்லிப் பதிவையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். மெயிலில் ஒரே வாசகம் இரண்டு பக்கமும் நேரத்தோடு தங்குகிறது. நம் டெல்டா ஊர்களில் எல்லாம் பேச்சில்தான் ஓடும். அறுவடைக்கு ஆள் சொல்வது, உரத்துக்குச் சொல்வது, வெற்றிலைக்கு விலை சொல்வது எல்லாமே வாய்வார்த்தை. தெரிந்தவர்களுக்குள் அது அழகாக நடக்கும். வார்த்தை மாறினால் நாளைக்குத் தெருவில் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முகம் தெரியாத கம்பெனியிடம் அதே பழக்கத்தோடு போகும்போதுதான் நம் ஆட்கள் ஏமாந்து நிற்கிறார்கள்.

முதலில் போன் ஏன் நம்மை இவ்வளவு காக்க வைக்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பலர் அதைக் கம்பெனியின் திமிர் என்று மட்டும் நினைக்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராருப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்று 1909-ல் கட்டுரை எழுதினார். எத்தனை பேருக்கு எத்தனை லைன் வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதற்கான சூத்திரங்களை 1917-ல் வெளியிட்டார். நூறு வருஷம் தாண்டியும் கால் சென்டர்களில் ஆள் கணக்குப் போட அந்த வழிதான் அடிப்படை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடையில் போன் எடுக்க ஒரே ஆள். ஒரு அழைப்பு சராசரி 6 நிமிடம். அப்படியானால் மணிக்கு 10 பேருக்குப் பதில் சொல்லலாம். கூப்பிடுபவர்கள் மணிக்கு 8 பேர்தான் என்றால் ஆளுக்கு நேரம் மிச்சம் இருக்கிறது, யாரும் காத்திருக்க வேண்டாம் என்றுதானே நினைப்போம்? சூத்திரம் சொல்வது வேறு. எல்லோரும் லைனிலேயே இருந்தால் சராசரியாக 24 நிமிடம் காத்திருக்க வேண்டும். மணிக்கு 9 பேர் ஆனால் 54 நிமிடம். ஒரே ஒரு அழைப்பு கூடியதற்கு இந்தப் பாடு. காரணம், போன் வரிசையாக ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்று வருவதில்லை. மூன்று பேர் ஒன்றாகக் கூப்பிடுவார்கள், அப்புறம் கால் மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒருவர் இரண்டு நிமிடத்தில் வைப்பார், ஒருவர் இருபது நிமிடம் பேசுவார். சும்மா போன அந்தக் கால் மணி நேரத்தைச் சேர்த்துவைத்துப் பின்னால் செலவழிக்க முடியாது. அறுவடைச் சமயத்தில் எல்லோர் வயலும் ஒரே வாரத்தில் விளைந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்குமே, அதே கதைதான். வருஷக் கணக்கில் பார்த்தால் இடம் போதும். அந்த வாரத்தில் போதாது.

இரண்டு ஆள் போட்டு, மணிக்கு 16 பேர் கூப்பிட்டால், ஆளுக்கு வேலை அதே 8 அழைப்புதான். ஆனால் காத்திருப்பு 24 நிமிடத்திலிருந்து சுமார் 11 நிமிடமாக இறங்குகிறது. பெரிய கம்பெனி ஊருக்கு ஊர் போன் வைக்காமல் எங்கோ ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானவர்களை உட்கார வைத்துப் போன் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் நமக்கு வந்த நஷ்டம் என்னவென்றால், போன் எடுப்பவருக்கு நம் ஊரும் தெரியாது, நேற்று நாம் யாரிடம் பேசினோம் என்பதும் தெரியாது. அவர் முன்னால் உள்ள திரையில் யாராவது எதையாவது எழுதியிருந்தால்தான் நம் பேச்சுக்கு உயிர்.

மெயிலுக்கு இந்த வரிசைத் தொல்லை இல்லை. அது இரண்டு பேரின் நேரத்தை ஒரே சமயத்தில் கேட்பதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நான் எழுதலாம், அவர் காலையில் பத்து மணிக்குப் படிக்கலாம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரில் உள்ள ஆளுக்கு, பெயருக்கும் இடத்துக்கும் நடுவே ‘@’ போட்டுச் செய்தி அனுப்பும் வழியை 1971-ல் ரே டாம்லின்சன் செய்து காட்டினார். மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்ற விதியை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதினார். அடிப்படை தபால்காரர் முறைதான். ஒரு சர்வர் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்ததிடம் கொடுக்கப் பார்க்கும். அந்தப் பக்கம் கதவு சாத்தியிருந்தால் கடிதத்தைத் தூக்கிப் போடாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் போய்த் தட்டும். நான்கைந்து நாளாவது முயற்சி செய்துவிட்டுத்தான் கைவிட வேண்டும் என்று பின்னால் வந்த விதிகள் சொல்கின்றன. கைவிட்டால், போய்ச் சேரவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்லவும் வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது இந்த வித்தியாசம் பலருக்குப் புரிந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. பல ஊர்களில் போன் வெறும் டப்பாவாகக் கிடந்தது. எங்கேயோ ஒரு மேட்டில் ஐந்து நிமிடம் சிக்னல் கிடைத்தால், அந்த ஐந்து நிமிடத்தில் ‘லைன் பிஸி’ என்று வந்தால் அவ்வளவுதான். முன்னாலேயே எழுதி வைத்திருந்த செய்தி மட்டும் சிக்னல் வந்த நொடியில் தானாகப் போனது.

ஆனால் மெயிலுக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. போன் அடித்தால் யாராவது எடுப்பார்கள். மெயில் போனால் யாரும் பார்க்காமலேயே கிடக்கலாம். கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலும் தஞ்சாவூர் கீழராஜ வீதியிலும் எத்தனையோ விசிட்டிங் கார்டுகளில் மெயில் முகவரி அச்சாகியிருக்கிறது. அது அச்சகத்துக்காரரோ படிக்கிற பிள்ளையோ ஒருநாள் உண்டாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்ட் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். பிள்ளை சென்னையில் வேலையில் இருக்கிறது. வரும் மெயில் விளம்பரங்களுக்கு நடுவே புதைகிறது. அதனால்தான் நம் பக்கத்தில் “மெயில் போட்டிருக்கேன், கொஞ்சம் பாருங்க” என்று போனும் செய்கிறோம். இதைச் சிலர் இரட்டை வேலை என்பார்கள். எனக்கு அது சரியான வேலையாகத்தான் படுகிறது. ஆளை எழுப்பப் போன், விஷயத்தை வைக்க மெயில்.

சட்டம் இந்த இரண்டையும் எப்படிப் பார்க்கிறது என்பதில் சுவையான பழைய வழக்கு ஒன்று உண்டு. 1959 ஜூலை 22 அன்று அகமதாபாத்தில் இருந்த ஒரு வியாபாரி, மகாராஷ்டிரத்தின் காம்காவ்ன் ஊரில் இருந்த ஒரு ஜின்னிங் ஆலைக்காரரிடம் (பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை) டிரங்க் காலில், அதாவது வெளியூர் போனில் பேசி, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்க ஒப்பந்தம் செய்தார். சரக்கு வரவில்லை. வழக்கு அகமதாபாத்திலா காம்காவ்னிலா என்று சண்டை, உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. போனில் ஒருவர் ‘சரி’ என்று சொன்னால், அந்தச் சம்மதம் எந்த ஊரில் காதில் விழுகிறதோ அந்த ஊரில்தான் ஒப்பந்தம் முடிகிறது என்று நீதிமன்றம் 1965-ல் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹிதயதுல்லா மட்டும் உடன்படவில்லை. ஆகப் போனில் பேசியதும் முழு ஒப்பந்தம்தான், சட்டத்தில் அதற்கு மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை. குறை நிரூபிப்பதில்தான்.

மெயிலுக்கு 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடம் கொடுத்தது. அதன் 13-ம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. இருதரப்பும் வேறு மாதிரி பேசி வைத்திருக்காவிட்டால், இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கும் முகவரிக்கு அனுப்பிய செய்தி, அந்தக் கணினி அமைப்புக்குள் நுழைந்த நேரமே அவர் பெற்றுக்கொண்ட நேரம். ‘நாங்கள் திறந்து பார்க்கவில்லை’ என்பது அங்கே எடுபடாது. மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும், தனியாகக் கையெழுத்துப் போட்ட பத்திரம் வந்தே ஆக வேண்டும் என்றில்லை என்று, பாக்சைட் கப்பல் சரக்கு பற்றிய ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மெயிலையோ போன் பதிவையோ அச்செடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். இந்தக் கணினியிலிருந்து இப்படி எடுத்தது என்று சொல்வது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு அதைக் கேட்டது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 63-ம் பிரிவு கேட்கிறது. வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் போனை மாற்றும்போது பழைய போனை விற்றுவிட்டு, அதில் இருந்த பதிவையும் சேர்த்து விற்றுவிடுகிறோமே, அங்கேதான் கவனம் வேண்டும்.

இனி எங்கள் சித்தப்பா வீட்டில் நடந்தது. பாபநாசம் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர், போர் போட்டு சப்மெர்சிபிள் மோட்டார். வாங்கியது ஜூன் 1, ஒரு வருஷ வாரண்டி. அடுத்த வருஷம் மே 19 அன்று, குறுவைக்கு நாற்றங்கால் விட்டு நான்காம் நாள், மோட்டார் நின்றுவிட்டது. காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், போய்விட்டது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். நாமே பிரித்தால் வாரண்டி போய்விடும், கம்பெனி ஆள்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். சித்தப்பா கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட்டார். தமிழில்தான் பேசினார்கள், மரியாதையாகவே பேசினார்கள். “புகார் எண் எஸ்எம்எஸ்ல வரும், இரண்டு நாளில் ஆள் வருவார்” என்றார்கள். எஸ்எம்எஸ் வரவில்லை. மே 21, 24, 27, 30 என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை, ஒவ்வொரு தடவையும் “நாளைக்கு வருவார்”. நாற்று காயாமல் இருக்கப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சினார். ஜூன் 2 அன்று கூப்பிட்டபோது சொன்ன பதில்: “சார், உங்க வாரண்டி முடிஞ்சிருச்சு. அதுக்கு முன்னாடி உங்க பேர்ல புகார் எதுவும் பதிவாகலை.”

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அஞ்சு தடவை பேசினேன்டா. பேசலைன்னு சொல்றான்.” அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அதை என்னால் மறக்க முடியாது.

நான் போய்ப் பார்த்தேன். அவருடையது பட்டன் போன். கடைசியாகப் பேசிய கொஞ்சம் அழைப்புகளைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். பழையது தானாக அழிந்துவிடும். மே 27, 30, ஜூன் 2 மூன்றும் இருந்தன, முதல் மூன்றும் இல்லை. அப்படியே இருந்தாலும் எண்ணும் நிமிடமும்தான் தெரியும், என்ன பேசினார் என்று தெரியாது. அப்போது சித்தி சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். சொசைட்டிக்கு ஊற்றும் பால் கணக்கை நாள்தோறும் அதில்தான் எழுதுவார். மே 19 கட்டத்தில் ‘கா 3½ மா 2½’ என்று பால் கணக்கு; அதற்குக் கீழே பென்சிலில் ‘மோட்டார் போன்’. 21-ல் மறுபடியும் ‘போன்’. 24-லும். அவர் எந்தச் சட்டமும் படித்தவர் இல்லை. கொடுத்தது வாங்கியதை எழுதி வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்.

அந்தக் காலண்டர் தாளைப் படம் எடுத்தேன். பில்லைப் படம் எடுத்தேன். போனில் இருந்த மூன்று அழைப்பையும் படம் எடுத்தேன். பிறகு மெயில் எழுதினேன். அதை இங்கே அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும்:

‘பொருள்: மோட்டார் பழுது – பில் தேதி ஜூன் 1 – முதல் புகார் மே 19, வாரண்டிக் காலத்துக்குள். ஐயா, மேற்படி மோட்டார் மே 19 அன்று நின்றுவிட்டது. அன்றே உங்கள் கட்டணமில்லா எண்ணில் புகார் சொன்னோம். பிறகு மே 21, 24, 27, 30, ஜூன் 2 தேதிகளிலும் பேசினோம். ஆள் வருவார் என்று ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள், வரவில்லை. உங்கள் அழைப்புப் பதிவில் எங்கள் எண்ணை வைத்துத் தேடினால் இது தெரியும். வாரண்டிக் காலத்திலேயே புகார் சொன்னதால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். எந்தத் தேதியில் ஆள் வருவார் என்று ஜூன் 7-க்குள் இந்த மெயிலுக்குப் பதில் எழுதவும். பில், அழைப்பு விவரம், வீட்டுக் குறிப்பு இணைத்துள்ளேன்.’

இதில் அழகு ஒன்றும் இல்லை. பொருள் வரியிலேயே முழு விஷயமும் இருக்கிறது, ஏனென்றால் படிப்பவர் ஒருநாளில் நூறு மெயில் பார்ப்பார். கேட்பது ஒன்றே ஒன்று. பதிலுக்கு ஒரு தேதி. கோபம் எங்கேயும் இல்லை. எழுதும்போது எனக்கு இருந்தது, அதை வைத்து ஒரு வரி எழுதிப் பிறகு அழித்தேன். முக்கியமான வரி, ‘உங்கள் அழைப்புப் பதிவில் தேடினால் தெரியும்’ என்பது. அதுவரை அவர்கள் கையில் மட்டும் இருந்த ஞாபகத்தை எடுத்து வைக்கும்படி கேட்கிறோம். ஜூன் 6 அன்று பதில் வந்தது. 12 அன்று ஆள் வந்து மோட்டாரை எடுத்துப் போனார். காயில் கட்டிக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். பக்கத்துக் கொல்லைக்குக் கொடுத்த தண்ணீர்க் காசு போனது போனதுதான்.

எழுதியே ஆக வேண்டும் என்று விதியே கேட்கும் இடங்களும் உண்டு. வங்கியின் மேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கு, அதன் ஒருங்கிணைந்த திட்டம் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ அப்புறம் போகலாம். கிளைக்குப் போய் மேனேஜரிடம் பத்துத் தடவை வாயால் சொன்னவர், இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாதவர் கணக்கில்தான் சேர்வார். ஆன்லைனில் பொருள் விற்கும் கம்பெனிகளுக்கு 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள் ஒரு குறைதீர் அலுவலரை வைக்கச் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த 48 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று காட்ட நம்மிடம் மெயில் இருந்தால் வாதம் முடிந்தது. அதற்கும் மேலே போனால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் பாபநாசத்துக்காரர் தஞ்சாவூரில் போட்டால் போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

போனுக்கும் எழுத்தின் பலத்தைக் கொடுக்க முடியும், அதற்கு எண் வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 2021 ஜூனில் தொடங்கியது. 94987 94987 என்று கூப்பிட்டால் புகாரைப் பதிந்துகொள்வார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் அப்படித்தான். போனை வைப்பதற்கு முன்னால் “புகார் எண் சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்று கேட்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் என்றால், “பரவாயில்லை, இப்பவே சொல்லுங்க” என்று சொல்லலாம். சித்தப்பா மே 19 அன்று இந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மீதிக் கதை இல்லை.

சரி, எழுத்து இவ்வளவு பெரிது என்றால் போனே வேண்டாமா? அப்படிச் சொன்னால் நான் இந்த ஊர்க்காரனே இல்லை. தை கடைசியில் சம்பா சாய்ந்து கிடக்கிறது, மேகம் திரள்கிறது; அறுவடை மிஷின்காரரிடம் மெயிலா போட முடியும்? ‘பெல்ட் வண்டி இருக்கா, டயர் வண்டிதானா? எந்த ஊர்ல நிக்குது? ராத்திரிக்குள்ள வருமா?’ என்று மூன்று கேள்வி, மூன்று பதில், ஒரு நிமிடத்தில் முடியும். வயலில் ஈரம் இருந்தால் டயர் வண்டி இறங்காது என்பதால் பதிலைக் கேட்டுத்தான் அடுத்த கேள்வியே வரும். ஒரு பதில் அடுத்த கேள்வியை மாற்றும் என்றால் அங்கே போன்தான். மின்கம்பி அறுந்து வரப்பில் கிடந்தால் போன். கணக்கிலிருந்து யாரோ பணத்தை எடுத்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930. சீக்கிரம் சொன்னால்தான் போகும் பணத்தை வழியில் நிறுத்த முடியும். பயிரில் என்ன பூச்சி என்று கேட்கக் கிசான் கால் சென்டர் 1800-180-1551 இருக்கிறது, 2004 முதல் நடக்கிறது, தமிழில் பேசலாம். படிக்க எழுத வராத எங்கள் அத்தை மாதிரியானவர்களுக்குப் போன் ஒன்றுதான் கதவு. அந்தக் கதவைச் சாத்திவிட்டு ‘எல்லாம் ஆப்பில் பதியுங்கள்’ என்று சொல்லும் கம்பெனிகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனசு பொறுப்பதில்லை.

இன்னொரு விஷயம், போன் எண்ணை எங்கே எடுப்பது. இணையத்தில் கம்பெனி பெயரையும் ‘கஸ்டமர் கேர்’ என்பதையும் போட்டுத் தேடி, முதலில் கிடைத்த எண்ணைக் கூப்பிட்டுப் பணத்தை இழந்தவர்கள் நிறைய. மோசடிக்காரர்கள் போலி எண்ணை அங்கே விதைத்து வைக்கிறார்கள். எண்ணை பில்லிலிருந்தோ, பெட்டியிலிருந்தோ, கார்டின் பின்புறத்திலிருந்தோ எடுங்கள். மெயிலிலும் போலி உண்டு. ஆனால் மெயிலில் நிதானமாக இன்னொருவரிடம் காட்டிக் கேட்க நேரம் இருக்கிறது. போனில் அவன் அவசரப்படுத்துவான்.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் கடைக்கு இன்று அதிகம் வருவது அதில்தான். படம் அனுப்பலாம், எழுத்தாகவும் நிற்கிறது. ஆனால் அது ஒரு ஆளின் போனில் நிற்கிறது. விற்பனைப் பையன் வேலையை விட்டுப் போனால் வாடிக்கையாளர் பேசியதெல்லாம் அவன் சட்டைப்பையோடு போய்விடும். வாய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம், நாற்பதில் எதில் அளவு சொன்னார் என்று தேடவே முடியாது. விலையும் அளவும் தேதியும் முடிவானதும் அதை ஒரு மெயிலாக எழுதிக் கடையின் முகவரியில் வைத்துவிடுவது நல்லது.

மூணரை அடி விவகாரத்துக்குப் பிறகு எங்கள் கடையில் அடி சொல்வதை விட்டுவிட்டோம். அங்குலம்தான்: 36, 42. போனில் ஆர்டர் வந்தால் முதலாளி பேசி முடித்ததும் சீட்டை என்னிடம் கொடுப்பார். நான் அன்றைக்கே நான்கு வரி எழுதி அனுப்புவேன். உயரம் எத்தனை அங்குலம், எத்தனை முகம், மேலே என்ன, எந்தத் தேதிக்குள். ‘சரி என்று பதில் வந்த பிறகே வார்ப்புக்கு எடுப்போம்’ என்று கடைசியில் ஒரு வரி. முதலில் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, பேச்சில் நம்பிக்கை இல்லாதது போல் இருக்கிறதே என்றார்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கோவில் கமிட்டிக்காரர் பேசினார். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நாங்கள் கடை திறக்கும்போது அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவசரமாகப் பேசி வைத்தார். நான் வழக்கம்போல எழுதி அனுப்பினேன்: 42 அங்குலம், ஜோடி, ஐந்து முகம், அன்னம். அவருக்கு அது ராத்திரிதான் படிக்கக் கிடைத்தது போல. மறுநாள் காலையில் பதில் இருந்தது. ‘அளவு சரி. ஆனால் அன்னம் இல்லை தம்பி, சிவன் கோவிலுக்கு, நந்தி வைக்கணும்.’ அச்சுக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அந்தப் பதிலை இரண்டு தடவை படித்துவிட்டு, அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பட்டறைச் சுவரில் தானே ஒட்டினார்.